பணம் போய்ச் சேர்ந்தது. மனு எங்கே இருக்கிறது?

எட்டு லட்சம் டாலரைக் கொண்டுவந்து எங்கள் நாட்டுத் தொழிலில் போடுங்கள். பத்துப் பேருக்கு வேலை கிடைக்கச் செய்யுங்கள். உங்களுக்கும் உங்கள் மனைவி மக்களுக்கும் இங்கே நிலையாகக் குடியிருக்க அநுமதி தருகிறோம் என்று அமெரிக்க சர்க்கார் உலகத்தாரை அழைத்து வருகிறார்கள். 1990-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தில் பிறந்த இந்த ஏற்பாட்டுக்கு இ.பி.-5 என்று பெயர். ஆரம்பத்தில் சாதாரணப் பிரதேசங்களுக்குப் பத்து லட்சம் டாலர், கிராமப்புறங்களுக்கும் வேலையின்மை மிகுந்த இடங்களுக்கும் ஐந்து லட்சம் டாலர் என்றிருந்த தொகை, 2022-ம் வருஷம் மார்ச்சு மாதம் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டத்தால் முறையே பத்தரை லட்சமாகவும் எட்டு லட்சமாகவும் ஆயிற்று. விலையைக் கூட்டுவது விற்பவரின் இஷ்டம். அதைப் பற்றி வழக்காட நாம் வரவில்லை. விலையைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவனுக்கு அவனுடைய மனு எங்கே இருக்கிறது, அதற்கு முன்னால் எத்தனை மனுக்கள் இருக்கின்றன என்று சொல்லவேண்டிய கடமை யாருக்கேனும் உண்டா, இல்லையா என்பதே நமது கேள்வி.

கறம்பக்குடியில் இருப்பவனுக்கு அமெரிக்க விசாவைப் பற்றிய கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கறம்பக்குடியும் ஆலங்குடியும் பட்டுக்கோட்டையும் கடல் கடந்த பணத்தை நேற்று இன்று கண்டவையல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய், கடையில் எடுபிடியாக நின்று, பின்னர் அதே கடைக்குப் பங்காளியாகித் திரும்பியவர்களின் வீடுகள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்னும் நிற்கின்றன. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இப்போது எஞ்சினீயர்களாக அமெரிக்காவில் இருக்கிறார்கள். எச்-1பி என்னும் தற்காலிக அநுமதியில் போனவர்கள் நிரந்தர வாசம் கேட்டால், அவர்களுக்குரிய வரிசையில் 2025-ம் வருஷத்தில் 2012, 2013-ம் வருஷங்களில் மனுச் செய்த இந்தியர்களின் முறையே நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்டவேண்டும். இந்த நிலையில், பணம் போட்டு வாங்கும் வழி ஒன்று இருக்கிறதாமே என்ற பேச்சு ஊருக்கு வந்து சேருகிறது. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் சாய்த்ததுபோக மிஞ்சிய தென்னந்தோப்பை வைத்திருக்கும் தகப்பனார், பூர்வீகச் சொத்தையும் சிங்கப்பூர்ச் சேமிப்பையும் மாமனார் வீட்டு உதவியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார். அப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்த மனு போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

முதல் தடை பணத்தின் ஜாதகம். ஒவ்வொரு டாலரும் எங்கே பிறந்தது, எந்தக் கணக்கின் வழியாக நடந்தது என்று அமெரிக்கக் குடியேற்ற இலாகாவுக்கு நிரூபிக்கவேண்டும். இது நியாயமான கேள்வியே. திருட்டுப் பணத்துக்குக் குடியுரிமை விற்க எந்தத் தேசமும் விரும்பாது. ஆனால் நம் ஊர்த் தோப்புக்காரர் என்ன காட்டுவார்? பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ், கிரயப் பத்திரம் இவைகளைக் காட்டுவார். வருமான வரிக் கணக்கு எங்கே என்று அங்குள்ள உத்தியோகஸ்தர் கேட்பார். விவசாய வருமானத்துக்கு நமது நாட்டில் மத்திய வருமான வரி கிடையாதே! முப்பது வருஷம் தேங்காய் விற்றவரிடம் முப்பது வருஷத்துக் கணக்குக் கிடைக்காது. அதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. நிலத்தை விற்றபோது பத்திரத்தில் எழுதிய தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை வேறொன்று. சார்பதிவாளர் ஆபீஸில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதிவிட்டு மிச்சத்தை ரொக்கமாக வாங்கிப் பெட்டியில் வைத்தவருக்கு, அந்த மிச்சம் இந்த விஷயத்தில் சல்லிக்காசுக்குப் பிரயோஜனமில்லை. முத்திரைத் தீர்வையில் மிச்சம் பிடித்த சாமர்த்தியம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் வந்து பழி வாங்குகிறது. இதற்கு அமெரிக்கரைக் குறை சொல்வதற்கில்லை.

அடுத்தபடி பணத்தை அனுப்புவது. ரிசர்வ் பாங்கின் விதிப்படி ஒருவர் ஒரு நிதி வருஷத்தில் இரண்டரை லட்சம் டாலருக்குமேல் வெளிநாட்டுக்கு அனுப்பமுடியாது. 2015-ம் வருஷத்திலிருந்து இதுவே வரம்பு. ஆகவே தகப்பனாரும் தாயாரும் மார்ச்சு மாதத்தில் ஒரு தடவையும் ஏப்ரலில் ஒரு தடவையுமாக அனுப்பிக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் எட்டு லட்சம் டாலர் 6 கோடியே 80 லட்சம் ரூபாய். 2023-ம் வருஷம் அக்டோபர் முதல், வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு இருபது வீதம் பாங்கிலேயே முன்வரியாகப் பிடிக்கவேண்டுமென்று நமது சர்க்கார் விதித்தார்கள். இந்தக் குடும்பத்துக்கு அது ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் ரூபாய். பின்னால் வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்பது மெய்தான். அதுவரையில் அந்தக் கோடியை எங்கிருந்து புரட்டுவது என்பதற்கு விதியில் பதில் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு மனு போய்ச் சேருகிறது. ஒரு ரசீது வருகிறது. மூன்று எழுத்தும் பத்து இலக்கமுமாகப் பதின்மூன்று அடையாளங்கள் கொண்ட எண் அதில் இருக்கிறது. அந்த எண்ணை இணையதளத்தில் எழுதித் தட்டினால் மனுவின் நிலை தெரியும் என்கிறார்கள். என்ன தெரிகிறது? மனு பெறப்பட்டது என்று தெரிகிறது. அடுத்த மாதம் தட்டினாலும் அதே வாசகம். அடுத்த வருஷம் தட்டினாலும் அதே வாசகம். பெறப்பட்டது என்பது நாம் அறியாத விஷயமா? பெற்றுக்கொண்டதற்குத்தானே ரசீது கொடுத்தார்கள்! இத்தகைய மனுக்களை முடிக்க ஆகும் காலம் என்று இலாகா தானே வெளியிட்ட கணக்கு, 2023-ம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் நாலு வருஷத்துக்கு மேலே போயிற்று. அந்தக் காலவரம்பு கடக்கும்வரை, ஏன் தாமதம் என்று விசாரிக்கவும் மனுதாரருக்கு இடமில்லை. கிணற்றில் போட்ட கல்லைப் பற்றி, விழுந்தது வாஸ்தவம் என்று மாதந்தோறும் அறிவிப்புக் கொடுப்பதற்கு ஒப்பானது இது.

2021-ம் வருஷத்தில் நடந்ததைக் கவனித்தால் இந்த ரசீது எண்ணின் மகிமை நன்கு விளங்கும். பலருடைய பணத்தை ஒன்றுசேர்த்துத் தொழில் நடத்தும் வட்டார மையங்களுக்கான சட்டம் அந்த வருஷம் ஜூன் 30-ந் தேதி காலாவதியாயிற்று. அதைப் புதுப்பிக்க அமெரிக்கக் காங்கிரஸ் தவறிவிட்டது. 2022 மார்ச்சு 15 வரை, அந்த வகையைச் சேர்ந்த மனுக்கள் அசைவற்றுக் கிடந்தன. முதலீட்டாளர் தமது பங்குக்குச் செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டார். பணம் தொழிலில் இறங்கிவிட்டது. சட்டம் மட்டும் இல்லை! ரசீது எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இதில் எதுவும் விளங்கியிருக்க வழியில்லை.

மனு அங்கீகரிக்கப்பட்டாலும் விசா கிடைத்துவிட்டதாக எண்ணக்கூடாது. வருஷத்துக்குச் சுமார் பத்தாயிரம் விசாக்களே இந்த ஏற்பாட்டுக்கு உண்டு. அவற்றில் ஒரு தேசத்தாருக்கு நூற்றுக்கு ஏழு வீதம் என்பது அடிப்படை விகிதம். மற்ற தேசத்தார் எடுக்காமல் மிஞ்சுவது போக, இந்தியாவுக்கு உறுதியாக உள்ளது ஏறக்குறைய எழுநூறு. மனைவியும் மக்களும் இந்த எழுநூற்றுக்குள்ளேயே எண்ணப்படுகிறார்கள். இங்கே கொஞ்சம் சரித்திரத்தை நினைப்பூட்டுவது தவறாகாது. 1917-ம் வருஷத்துச் சட்டத்தால் இந்தியர்களுக்கு அமெரிக்கா கதவை அடியோடு சாத்தியது. 1946-ல் கதவைச் சற்றே திறந்து, வருஷத்துக்கு நூறு இந்தியர் வரலாம் என்று பெருந்தன்மை காட்டியது. இன்று கோடிக்கணக்கில் பணம் கொண்டுவருவோருக்குக்கூட ஜன்மதேசத்தை வைத்தே பங்கு பிரிக்கிறார்கள். பிரஜாவுரிமையை வைத்தல்ல, பிறந்த மண்ணை வைத்து! கறம்பக்குடியில் பிறந்து, சிங்கப்பூர் போய், அந்நாட்டுப் பிரஜையாகிவிட்ட அண்ணன் இந்திய வரிசையிலேயே நிற்கவேண்டும். அதே தாய் வயிற்றில் சிங்கப்பூரில் பிறந்த தம்பி வேறு வரிசையில் நின்று முன்னால் போய்விடுவான். அண்ணனுடைய மனைவி சிங்கப்பூரில் பிறந்தவளாக இருந்தால், அவளுடைய கணக்கில் அண்ணனும் போகலாம். கலியாணத்தின்போது ஜாதகத்தில் பிறந்த நேரத்தைப் பார்த்த நம்மவர், இனிப் பிறந்த ஊரையும் பார்க்கவேண்டும் போலும்.

இந்த வரிசை எந்தத் தேதிவரை வந்திருக்கிறது என்பதை அமெரிக்க வெளிநாட்டு இலாகா மாதந்தோறும் ஒரு அறிக்கையில் வெளியிடுகிறது. வரிசை என்றால் முன்னே நகரும் என்றுதான் உலகத்தார் கருதுவார்கள். 2025-ம் வருஷத்து ஆரம்பத்தில் இந்தியருக்கான பொதுப்பிரிவுத் தேதி 2022 ஜனவரி 1-ல் நின்றது. ஏப்ரல் அறிக்கையில் அது 2019 நவம்பர் 1-க்குப் பின்னோக்கிப் போயிற்று. மே மாதத்தில் இன்னும் ஆறு மாதம் பின்வாங்கி 2019 மே 1-ல் நின்றது. வருஷப் பங்கைத் தாண்டிவிடக்கூடாது என்பது காரணம். கணக்குப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால், மார்ச்சு மாதத்தில் வாசற்படியில் நின்றவனை ஏப்ரலில் தெருக்கோடிக்கு அனுப்பும் இலாகா, இப்படி நேரும் என்பதை முன்கூட்டியே அவனவனுக்குச் சொல்லக்கூடிய புள்ளிவிவரங்களைத் தன் கைவசம் வைத்துக்கொண்டிருக்கிறது. மனுவின் தேதி தெரியும், குடும்பத்தில் எத்தனை பேர் என்று தெரியும், பிறந்த தேசம் தெரியும். இவைகளைக் கொண்டு, உனக்கு முன்னால் இத்தனை பேர் என்று சொல்ல ஒரு பள்ளிப் பிள்ளைக்குப் போதுமான கணிதம் போதும்.

2022-ம் வருஷத்துச் சட்டம் கிராமப்புற முதலீட்டுக்கு நூற்றுக்கு இருபதும், வேலையின்மை மிகுந்த இடங்களுக்குப் பத்தும், பொதுக் கட்டுமானங்களுக்கு இரண்டுமாக விசாக்களை ஒதுக்கி வைத்தது என்பதையும், கிராமப்புற மனுக்களுக்கு முன்னுரிமை தந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2025-ல் பொதுப்பிரிவின் தேதி பின்வாங்கியபோதுகூட இந்த ஒதுக்கீட்டு வரிசைகளில் தேதித் தடை இல்லை. ஆனால் அந்தக் காரணத்துக்காகவே எல்லோரும் அந்த வாசலுக்கு ஓடுகிறார்கள். ஓடுவோர் எத்தனை பேர் என்பது உள்ளே போனபிறகுதான் தெரியும்.

தாமதத்தின் கொடுமை குழந்தைகள் விஷயத்தில் முற்றுகிறது. இருபத்தொரு வயது நிரம்பிய பிள்ளை பெற்றோரின் மனுவில் சேரமுடியாது. மனுவை இலாகா பரிசீலித்துக்கொண்டிருந்த காலத்தை மட்டும் வயதிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. அங்கீகாரத்துக்குப் பின் விசா வரிசையில் நிற்கும் காலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே வினோதமான நிலை ஒன்று ஏற்படுகிறது. மனு சீக்கிரம் அங்கீகாரமானால் பிள்ளைக்கு வயது ஓட ஆரம்பிக்கிறது. இலாகா தூங்கினால் பிள்ளையின் வயதும் தூங்குகிறது! எந்த மகளுக்காகத் தோப்பை விற்றார்களோ அந்த மகள் மட்டும் வெளியே நிற்க, தாயும் தகப்பனும் மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போகும்படி ஆகலாம். இந்தக் கணக்கைத் தரகர் யாரும் முதல் நாளில் சொல்வதில்லை.

தரகரைப் பற்றிப் பேச்சு வந்ததால் பணத்தின் கதியையும் பார்த்துவிடுவோம். இந்த எட்டு லட்சம் அமெரிக்க சர்க்காரின் கஜானாவுக்குப் போவதன்று. ஹோட்டலோ கட்டடமோ ஆலையோ நடத்துகிற தனி முதலாளியிடம் போகிறது. நஷ்டம் வந்தால் முதலீட்டாளருடையது. திருப்பித் தருவதாக உறுதி சொன்னால் மனுவே செல்லாது. வெர்மாண்ட் மாகாணத்தில் ஜே பீக் என்னும் பனிச்சறுக்கு வாசஸ்தலத்தை மையமாக வைத்து எழுபதுக்கு மேற்பட்ட தேசங்களைச் சேர்ந்த எண்ணூறு பேருக்கு மேல் பணம் போட்டார்கள். அவர்களுடைய பணத்தில் இருபது கோடி டாலருக்கு மேல் முறைகேடாகக் கையாளப்பட்டது என்று 2016-ம் வருஷம் ஏப்ரலில் அந்நாட்டுப் பங்குமாற்றுக் கமிஷன் வழக்குத் தொடுத்தது. கட்டப்போவதாகச் சொன்ன மருந்து ஆராய்ச்சிச் சாலை எழும்பவேயில்லை. பிரதான முதலாளி குற்றத்தை ஒப்புக்கொண்டு 2022-ல் ஐந்து வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். பணம் போட்டவர்கள் தங்கள் மனு எங்கே என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களிலேதான் இந்தக் காரியங்கள் நடந்தன. மனுவின் நிலையைக் காட்டும் திரை, மனுவுக்கு ஆதாரமான தொழிலின் நிலையைக் காட்டுவதில்லை.

கானடாவின் வழி வேறு. 1986-ல் தொடங்கிய முதலீட்டுக் குடியேற்றத் திட்டத்தை அந்நாட்டு சர்க்கார் 2014-ம் வருஷம் பிப்ரவரியில் நிறுத்துவதாக அறிவித்து, ஜூனில் சட்டமும் செய்து, தேங்கிக் கிடந்த மனுக்களை ஒரே பேனாக்கீற்றில் தள்ளிவிட்டார்கள். குடும்பத்தாரையும் சேர்த்துச் சுமார் 65,000 பேருடைய விஷயம் அது. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். காத்திருந்த வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது? ஆயினும், இல்லை என்ற வார்த்தையையாவது தெளிவாகச் சொன்னார்கள் என்று கானடாவை மெச்சவேண்டிய நிலைக்கு அமெரிக்காவின் மௌனம் நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

இதெல்லாம் கோடீசுவரர்களின் துக்கம். பத்திரிகை அழவேண்டியது ஏழைகளுக்காக அல்லவா என்று ஒரு சாரார் சொல்லக்கூடும். பணக்காரருக்காக நாம் பரிந்து பேசவில்லை. ஆறரைக் கோடி ரூபாய் இந்த மாவட்டத்திலேயே ஆலையாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறினால் நமக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. ஆனால் மனுவைப் பெற்றுக்கொண்டு பதில் சொல்லாமலிருக்கும் வித்தையை அதிகாரவர்க்கம் ஏழைகளிடத்திலேதான் முதலில் பழகிக்கொண்டது. இலங்கையில் என்ன நடந்தது? 1948-ம் வருஷத்துச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1949-ம் வருஷத்து இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்தால் பரிசீலிப்போம் என்றது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக விண்ணப்பங்கள் போயின. திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் அவர்களில் ஏராளம். தொடர்ச்சியாக இத்தனை வருஷம் வசித்தாய் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று, லயன் வீட்டில் பிறந்து கொழுந்து கிள்ளிய தொழிலாளியிடம் கேட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தடித்த பிறகு பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரே. மற்றவர்களின் தலைவிதியை 1964-ம் வருஷம் அக்டோபரில் இரண்டு பிரதம மந்திரிகள் பேரம் பேசித் தீர்த்தார்கள். விண்ணப்பித்தவனைத் தள்ளாமலும் ஏற்காமலும் வைத்திருப்பதே ஒரு தீர்ப்பாகிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா? எட்டு லட்சம் டாலர் கொடுத்தவனுக்கே பதில் இல்லை என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டால், வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கொத்தனாருக்கு எவன் பதில் சொல்லப்போகிறான்?

அமெரிக்கச் சட்டமே இந்த மௌனத்துக்கு ஆதரவாக இல்லை. 1946-ம் வருஷத்து நிர்வாக நடைமுறைச் சட்டம், தன்முன் வந்த விஷயத்தை நியாயமான காலத்துக்குள் முடிக்கவேண்டுமென்று ஒவ்வொரு இலாகாவுக்கும் கட்டளையிடுகிறது. அதைக் கொண்டு அந்நாட்டுக் கோர்ட்டுகளில் வழக்காடித் தங்கள் மனுவை நகர்த்திய முதலீட்டாளர்கள் பலர் உண்டு. தம்முடைய தஸ்தாவேஜுகளைத் தாமே கேட்டுப் பெறுவதற்கும் 1966-ம் வருஷத்துத் தகவல் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் இவைகளுக்கெல்லாம் அடிப்படை, ரசீது எண் மனுதாரரின் கையில் இருப்பது. நம்மவர் பலர் ரசீதையும் இணையதளக் கணக்கையும் கடவுச்சொல்லையும் தரகரிடமே விட்டுவிட்டு, அவர் டெலிபோனில் சொல்வதை வேதவாக்காகக் கொள்கிறார்கள். மூல ரசீதைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். வக்கீலின் விலாசத்தோடு உங்கள் விலாசமும் மனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். தொழில் நடத்துவோரிடமிருந்து வருஷாந்தரக் கணக்கை எழுத்து மூலம் கேளுங்கள்.

நமது சர்க்காரிடம் நாம் கேட்பது இரண்டு காரியங்கள். 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளைப் பதிவுசெய்யச் சொல்கிறது. முதலீட்டு விசாவுக்கு ஆள் பிடிப்பவர்களை அது தொடுவதில்லை. ஐந்நூறு ரியால் சம்பளத்துக்கு அனுப்புகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஆறு கோடி ரூபாயை அனுப்பவைக்கிறவனுக்கு வேண்டாம் என்பது என்ன முறை? அவர்களையும் பதிவுக்குக் கொண்டுவந்து, எந்தத் தொழிலுக்காகப் பணம் திரட்டுகிறார்கள், அதில் தங்களுக்குக் கிடைக்கும் கமிஷன் எவ்வளவு என்பதை எழுதிக் கொடுக்கும்படி செய்யவேண்டும். இரண்டாவது, வாஷிங்டனிலுள்ள நமது ஸ்தானிகர் இந்தியர்களின் நிலுவை மனுக்களைப் பற்றிப் பேசும்போது தாட்சண்யம் கேட்கவேண்டியதில்லை. வருஷவாரியாக, பிரிவுவாரியாக, குடும்ப அங்கத்தினரையும் சேர்த்து, மனு ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிற்பவர் தொகையைக் காட்டும் பட்டியலைக் கேட்டால் போதும். 2022-ம் வருஷத்துச் சட்டம் வட்டார மையத் திட்டத்துக்கு 2027 செப்டம்பர் 30 வரை ஆயுள் கொடுத்திருக்கிறது. 2026 செப்டம்பர் 30-க்குள் மனுச் செய்தவர்களுக்குத்தான், திட்டம் மறுபடி காலாவதியானாலும் மனு உயிரோடிருக்கும் என்ற பாதுகாப்பு உண்டு. அந்தத் தேதியைக் காட்டி அவசரப்படுத்தும் தரகர்களின் விளம்பரங்கள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. அப்பட்டியலை அவர்களிடம் கேட்டுப் பயனில்லை. அதை வாங்கித் தரவேண்டியவர்கள் டில்லியில் இருக்கிறார்கள்.